குண்டாஞ்சட்டி வீட்டுக் காதுகுத்து

பூங்காவனம் அடுப்புல இருந்த சட்டியை இறக்கி வச்சு, முந்தானையில கையைத் துடைச்சிக்கிட்டு, டிவிக்குள்ள இருந்து எங்க அண்ணனைப் பேர் சொல்லிக் கூப்பிட்ட அன்னைக்கு, எங்க ஊருக்கு ஒன்பது நாள் கழிச்சுக் குழாயில தண்ணி வந்திருந்துச்சு; அதனால பாதிச் சனம் குடமும் கையுமா தெருவுலதான் நின்னுச்சு, ஆனாலும் ஒருத்தர் விடாம எல்லாருக்கும் கேட்டுச்சு, ஏன்னா சாயந்தரம் ஆறரை மணிக்கு நல்லமுத்தன்பட்டியில சத்தமா ஓடாத டிவி கிடையாது. "பால்ச்சாமி அண்ணே, எம்புள்ளைக்கு இன்னும் காது குத்தலையேண்ணே"ன்னா. அவ்வளவுதான். திரும்பிப் போயி சட்டியை அடுப்புல ஏத்துனா, அவ புருசன் குண்டாஞ்சட்டி வழக்கம்போல மாடிப்படியில வழுக்கி விழுந்தான், ஊரும் வழக்கம்போலச் சிரிச்சுச்சு.

யாரும் வாயைப் பொளக்கலை. பக்கத்து வீட்டுச் சோலைமணி மைனி குடத்தை இடுப்புல ஏத்திக்கிட்டே, "அதானே, முப்பது வருசமாச்சு, பச்சைப்புள்ளைக்கு ஒரு காது குத்த நாதியில்லாமப் போச்சே, அவளும் எத்தனை நாளைக்குத்தான் மனசுக்குள்ளயே வச்சிக்கிட்டு இருப்பா"ன்னுச்சு, குழாயடியில நின்ன அத்தனை பேரும் ஆமா ஆமான்னாங்க. எனக்கு மட்டும் ஆமா போட மனசு வரலை. ஏன்னா பால்ச்சாமி என் அண்ணன், கூடப் பிறந்த ஒரே அண்ணன், அது எப்படி அவளுக்கு அண்ணனாச்சு?

வெளியூர்க்காரங்களுக்குச் சொல்லிடறேன். 'குண்டாஞ்சட்டி குடும்பம்'ங்கறது கார்ட்டூன் படம். கத்திரிக்காய் நிறத்துல ஒரு புருசன், ஒரு பொண்டாட்டி, காதை மூடுன குல்லா போட்ட ஒரு கைப்புள்ளை, ஒரு சோம்பேறி ஆடு, எல்லாருக்கும் கைக்கு நாலே விரல். எந்த ஊர்ல உக்காந்து எவன் வரையிறான்னு தெரியாது. ஆனா முப்பது வருசமா, ஞாயித்துக்கிழமை கூட விடாம, ஆறரையிலருந்து ஏழு மணி வரைக்கும் வந்துக்கிட்டே இருக்கு. மாமியார் மருமக சீரியல் வந்து போச்சு, பேய் சீரியல் வந்து போச்சு, ஆட்டம் பாட்டுப் போட்டியெல்லாம் வந்து ஓஞ்சு போச்சு, இது மட்டும் போகலை. நான் வேலை பாக்கிற தீப்பெட்டி ஆபீசுல இதுக்காகவே ஆறு பத்துக்குச் சங்கு ஊதுறாங்க. கல்யாண வீட்டுக்காரங்க பத்திரிகை அடிக்கும்போதே மாப்பிள்ளை அழைப்பு ஏழு மணிக்கு மேலன்னு போட்டுடுவாங்க. ஒரு தடவை மேலத்தெருவுல ஒரு பெரியவர் தவறிப்போனப்ப, சாயந்தரம் ஆறு மணிக்கே பாடை கட்டித் தயாரா இருந்தும், ஏழு மணி அடிச்ச பிறகுதான் தூக்குனாங்க; அவருக்கும் அதுதான் பிடிக்கும்னு அவர் சம்சாரமே சொன்னாக.

இதை ஊருக்குக் கொண்டு வந்ததே எங்க அண்ணன்தான். எனக்கு ஏழு வயசு இருக்கும்போது எங்க அம்மாவும் அப்பாவும் ஒரே வருசத்துல போயிட்டாங்க, அப்ப அண்ணனுக்கு இருபத்திரண்டு, மொட்டைமாடியில ஒரு தட்டை வச்சு, தெருத்தெருவா கம்பத்துல ஏறி வயர் இழுத்து, கேபிள் டிவி ஆரம்பிச்சுச்சு. முதல் நாள் முதல்ல வந்த படம் இதுதான். அன்னைக்கு நான் அண்ணன் மடியில உக்காந்து பார்த்தேன், அந்த மடி எனக்கு மட்டும்தான்னு அப்ப நினைச்சிருந்தேன். அப்ப பூங்காவனத்துக்கு இருபத்தொம்பது வயசு, அவளைப் பாத்தா எனக்கு அம்மா மாதிரி இருக்கும். எனக்குப் பத்தொம்பது ஆனப்ப அக்கா மாதிரி இருந்தா. இருபத்தொம்பதுல ரெண்டு பேரும் ஒரு செட்டு. அவ டிவிக்குள்ள இருந்து கூப்பிட்ட வருசம் எனக்கு முப்பத்தேழு, தலையில நாலஞ்சு நரை, முட்டியில வலி. அவளுக்கு இன்னும் அதே இருபத்தொம்பது, அதே கொண்டை, அதே சிரிப்பு. பாத்துக்கிட்டே இருக்கையில எங்க வீட்டுக் கடைக்குட்டி அவதான்னு ஆயிப்போச்சு, நான் கிழடாயிட்டேன்.

அண்ணன் கல்யாணமும் பண்ணிக்கலை. "தங்கச்சி சீனிக்கு முடிச்சிட்டுப் பாப்போம்"னு சொல்லிச்சு, எனக்கு முடிச்ச பிறகு பாக்கவே இல்லை. தானே பொங்கி, தானே தின்னு, ஆறரை ஆனா டிவி முன்னாடி உக்காந்துக்கும். என்கிட்டப் பேசும்போது அளந்து பேசுற மனுசன், அவ ஒண்ணு சொன்னா வயித்தைப் பிடிச்சிக்கிட்டுச் சிரிக்கும். நானும் எத்தனையோ தமாசு சொல்லிப் பாத்திருக்கேன். "ம்"ங்கும்.

எனக்குக் கல்யாணமாகி பதினோரு வருசம் வயித்துல ஒண்ணும் தங்கலை. ஏறாத கோயில் இல்லை, தின்னாத மருந்து இல்லை. பன்னெண்டாவது வருசம் பிறந்தவன்தான் என் மவன் முகிலன். ஒரு வயசுல காது குத்தலாம்னா அவனுக்கு நெஞ்சுச் சளி. அதனால மூணு வயசுல, அந்த வருச ஆவணியில, கருப்பசாமி கோயில்ல வச்சு அண்ணன் மடியில உக்காத்திக் குத்துறதுன்னு பேசி முடிச்சாச்சு. ரெட்டைப்படை வயசுல குத்தக் கூடாது பாருங்க, இதை விட்டா அஞ்சு வயசுதான்.

அந்த நேரத்துலதான் அவ கூப்பிட்டா.

எங்க வகையறாவுல ஒரு கட்டு உண்டு. தாய்மாமன் மடி வருசத்துக்கு ஒரு புள்ளைக்குத்தான். முதல்ல பிறந்த புள்ளைக்கு முதல் மடி. அண்ணன் மறுநாள் காலையில எங்க வீட்டுக்கு வந்து, காப்பியைக் கூடக் குடிக்காம, தரையைப் பாத்துக்கிட்டே சொல்லிச்சு.

"தாயி, இந்த ஆவணியில அவ புள்ளைக்கு வச்சிடுவோம்."

"எவ புள்ளைக்கு?"

"நம்ம பூங்காவனத்துக்கு."

"நம்மவா? எப்ப இருந்துண்ணே நம்ம பூங்காவனம்?"

"ஏன் தாயி கோவப்படுற. முப்பது வருசமா நம்ம வீட்டுல வந்து போறவதானே. அவ வாயைத் திறந்து இதுவரைக்கும் ஒண்ணு கேட்டிருக்காளா? அவ முப்பது வருசம் பொறுத்திருக்கா, நீ ரெண்டு வருசம் பொறுக்க மாட்டியா?"

கேட்டது யாரு, என் அண்ணன்! "அவ புள்ளை முந்தியா, எம்புள்ளை முந்தியா?"ன்னு கத்துனேன். அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கக் கூடாது. ஊர்க்கூட்டம் வரைக்கும் போயிருச்சு. சாவடியில உக்காந்து நாலு பேரும் நல்லா யோசிச்சு, அவ புள்ளைக்கு வயசு ஒண்ணுதான், ஒத்தைப்படைதான், அதனால குத்தலாம், ஆனா அது பிறந்தது முப்பது வருசத்துக்கு முந்தி, அதனால அதுதான் மூத்தது, மடி அதுக்குத்தான்னு தீர்ப்பு சொல்லிட்டாங்க. எங்க வீட்டுக்காரரு வன்னியராஜ் வாயில்லாப்பூச்சி. கூட்டத்துல உக்காந்து இவரும் தலையை ஆட்டிட்டு வந்தாரு. அன்னைக்கு அவருக்குச் சோறு கிடையாது.

அதுக்கப்புறம் ஊரே கல்யாண வீடு மாதிரி ஆயிருச்சு. புள்ளையோட நட்சத்திரம் தெரியணுமேன்னு, முதல் ஒளிபரப்பு நேரத்தை வச்சு ஜோசியர் கணக்குப் போட்டு ரேவதின்னாரு, நல்ல நாள் குறிச்சாரு. சீர்த்தட்டு முப்பத்தொண்ணு. வாழைத்தார், தேங்காய், அரிசி, வெல்லம், ஆட்டுக்கு அகத்திக்கீரைக் கட்டு. மேளம் முன்னால போக, தெருப் பொம்பளைங்க தட்டைத் தலையில வச்சிக்கிட்டு, அண்ணன் கேபிள் ரூமுக்குப் போயி, அங்க இருக்கிற டிவி முன்னாடி வரிசையா இறக்கி வச்சாங்க. விளம்பரம் போட்டாங்க. விளம்பரம் முடிஞ்சு பாத்தா ரூம்ல ஒரு தட்டும் இல்லை, அவ வீட்டு அடுப்படியில வாழைத்தார் தொங்குது. ஆடு கீரையைத் தின்னுக்கிட்டு நிக்குது. தாம்பாளத்தை மட்டும் மறுநாள் கழுவித் திருப்பி அனுப்பியிருந்தா, மரியாதை தெரிஞ்சவதான்னு சோலைமணி மைனி சர்ட்டிபிகேட் குடுத்துச்சு.

எல்லாத்தையும் பொறுத்துக்கிட்டேன். புடவையைத்தான் பொறுக்க முடியலை. ஆனி மாசம் கடையில அண்ணன் கூடப் போயி, எம்புள்ளை காதுகுத்துக்குன்னு நானே கை வச்சு எடுத்த புடவை அது, மாம்பழ மஞ்சள், அரக்குக் கரை, தாய்மாமன் சீராக் குடுக்கிறதுக்காக அண்ணன் பீரோவுல இருந்துச்சு. அதையும் அண்ணன் சீரோட சேத்து வச்சிருக்கு, சீர் போன மறுநாள் ஆறரைக்கு அவ அதை உடுத்திக்கிட்டு வந்தா. படத்துல வரைஞ்ச புடவைதான், ஆனா அதே மாம்பழ மஞ்சள், அதே அரக்குக் கரை, கொசுவம் கூடக் கலையாம. "என்னமா இருக்கா பாரு, அவளுக்குன்னே நெய்த மாதிரி"ன்னு தெருவே உச்சுக் கொட்டுச்சு. பொறாமைதான். இல்லைங்கலை. நெஞ்சுல மிளகாய்த்தூளைக் கொட்டுன மாதிரி காந்துச்சு. அவளுக்குக் கொப்புளம் வரட்டும், கொண்டையில பேன் வரட்டும்னு வேண்டிக்கிட்டேன். வரைஞ்ச கொண்டையில பேன் எங்க வரும்?

மறுநாள் எங்க வீட்டு டிவி முன்னாடி முந்தானையை இழுத்துச் செருகிக்கிட்டு நின்னேன். ஆறரைக்கு அவ வந்ததும் ஆரம்பிச்சேன்.

"ஏ பூங்காவனம், உனக்குக் கூடப் பிறந்தவன் இல்லைன்னா அடுத்தவ அண்ணனைத்தான் பிடுங்கிக்குவியா?"

அவ கரண்டியை வச்சிட்டு என்னை நேராப் பாத்தா. "நான் எங்க பிடுங்குனேன்? கேட்டேன், குடுத்தாரு."

"நான் பத்து மாசம் சுமந்து பெத்தவ. உன் புள்ளையை எவனோ பென்சில்ல கிறுக்குனான்!"

"கிறுக்குனாலும் எம்புள்ளை எம்புள்ளைதான். இடுப்புல வச்சிக்கிட்டே முப்பது வருசம் நிக்கிறேன், உனக்கு மூணு வருசத்துலயே முதுகு வலிக்குதுங்கற."

"வலிச்சா உனக்கென்ன? புடவையைக் கழட்டு!"

"கழட்ட முடியாது. அண்ணன் குடுத்தது."

அண்ணனாம்! ஏழு மணி வரைக்கும் ஒருத்திக்கொருத்தி சளைக்காமச் சண்டை போட்டோம். அவ ஒண்ணும் தெய்வப் பிறவி இல்லை, என்னை மாதிரியே வாய்க்காரிதான், அது தெரிஞ்சதுல எனக்குக் கொஞ்சம் ஆறுதல். ஆனா பாருங்க கூத்தை, ஊர்ல அத்தனை டிவியிலயும் அவ பேசுன பாதி மட்டும் ஓடியிருக்கு. "நேத்து யாரோடயோ மல்லுக்கு நின்னாளே பூங்காவனம், சிரிச்சு சிரிச்சு விலா எலும்பு நோகுது, முப்பது வருசத்துல இப்படி ஒரு நாள் வந்ததில்லை"ன்னு தீப்பெட்டி ஆபீசுல எல்லாரும் என்கிட்டயே சொல்றாங்க. அவ மேல இருந்த மவுசு இன்னும் ஒரு படி ஏறுனதுதான் மிச்சம். அண்ணன் கூட சிரிச்சிருக்கும். நான் சொன்னதுக்கு இல்லை, அவ பதிலுக்கு.

ஆவணி வந்துச்சு. கருப்பசாமி கோயில் ஊருக்கு வெளியில ரெண்டு கிலோமீட்டர். அண்ணன் அம்பத்திரண்டு வயசுல ஒவ்வொரு கம்பமா ஏறி, அங்க வரைக்கும் கேபிள் இழுத்து, வேப்பமரத்தடியில பெரிய டிவியை மாலை போட்டு நிறுத்தியிருந்துச்சு. ஊரே கூடியிருக்கு. நான் போகக் கூடாதுன்னுதான் இருந்தேன். ஆனா போகாம இருந்தா பொறாமைப்படறேன்னு சொல்வாங்களே, அதனால முகிலனை இடுப்புல வச்சிக்கிட்டு முதல் வரிசையிலயே போயி நின்னேன்.

டிவி முன்னாடி பலகையில அண்ணன் புது வேட்டி கட்டிச் சம்மணம் போட்டு உக்காந்திருக்கு, மடியில பட்டுத்துண்டு விரிச்சிருக்கு. பக்கத்துல ஆசாரி, ஊசி, ரெண்டு பொட்டுக் கம்மல், வாழைப்பழம். அந்த மடியை நான் பாத்துக்கிட்டே நின்னேன். ஆறரை ஆச்சு. பூங்காவனம் மாம்பழ மஞ்சள் புடவையில புள்ளையைத் தூக்கிக்கிட்டு வந்து, கண்ணாடி ஓரத்துல இறக்கி விட்டா. புள்ளை தவழ்ந்து, டிவி விளிம்பைத் தாண்டி, பலகையில கை வச்சு, அண்ணன் மடியில ஏறி உக்காந்துச்சு. பொம்பளைங்க குலவை போட்டாங்க. அண்ணன் கண்ணுல தண்ணி. "ஒரு தாளு கனம் கூட இல்லையே தாயி"ன்னு யாருகிட்டயோ சொல்லிச்சு, என்கிட்டயா அவகிட்டயான்னு தெரியலை.

ஆசாரி ஊசியைத் துடைச்சிக்கிட்டு, "குல்லாயைக் கழட்டுங்க"ன்னாரு. அண்ணன் கழட்டுச்சு.

காது இல்லை.

முப்பது வருசமா குல்லாயோடவே வரைஞ்சவன் உள்ள காது வரையவே இல்லை. ரெண்டு பக்கமும் கத்திரிக்காய் மாதிரி வழவழன்னு இருக்கு. நட்சத்திரம் பாத்தோம், சீர் எடுத்தோம், ஆட்டுக்குக் கீரை வரைக்கும் நினைச்சு வச்சோம், புள்ளைக்குக் காது இருக்கான்னு எங்க ஊர்ல ஒரு மனுசனுக்குக் கேக்கத் தோணலை. மேளக்காரர் கையைத் தூக்குனவர் தூக்குனபடி நிக்கிறாரு. டிவிக்குள்ள பூங்காவனம் முந்தானையை வாயில வச்சிக்கிட்டு அழுதா.

எனக்கு எப்படி இருந்துச்சுன்னு கேட்டா, வயித்துல பால் வார்த்த மாதிரி இருந்துச்சு. நல்லா அழுடி, மாம்பழ மஞ்சளா கேக்குது உனக்குன்னு உள்ளுக்குள்ள சிரிச்சேன்.

ஆசாரி ஊசியைப் பெட்டிக்குள்ள வச்சாரு. "காது வந்த பிறகு பாத்துக்கலாம்"ன்னாரு. அப்ப அண்ணன் தலையை நிமிர்த்தி டிவியைப் பாத்து, "அழாத தாயி, அடுத்த வருசம் பாப்போம், இல்லைன்னா அதுக்கடுத்த வருசம், நான் இருக்கிற வரைக்கும் இந்த மடி உம்புள்ளைக்காகக் காத்திருக்கும்"னுச்சு.

என் சிரிப்பு அங்கயே செத்துச்சு. அடுத்த வருசம், அதுக்கடுத்த வருசம்! அவளுக்கென்ன, எத்தனை ஆவணி வேணும்னாலும் அவ இருபத்தொம்பதுலயே நிப்பா, அவ புள்ளை ஒண்ணுலயே உக்காந்திருக்கும். என் மவனுக்கு அஞ்சு வரும், ஏழு வரும், மீசை வரும். அண்ணனுக்கு அம்பத்திரண்டு முடிஞ்சிருச்சு. அந்த மடி அவ புள்ளைக்காகக் காலியாவே கிடந்து காலியாவே போயிரும்.

முகிலனை எங்க வீட்டுக்காரரு கையில திணிச்சிட்டு, பையிலருந்து அவனுக்குத் திருஷ்டிப் பொட்டு வைக்கிற மை டப்பாவை எடுத்துக்கிட்டு, அண்ணன் முன்னாடி போயி மண்டி போட்டு உக்காந்தேன். "பெட்டியைத் திறங்க ஆசாரி"ன்னேன். சுண்டுவிரல்ல மையைத் தொட்டு அந்தப் புள்ளைக்கு இடது காது வரைஞ்சேன். நான் ஸ்கூல்ல பூ கூட ஒழுங்கா வரைஞ்சதில்லை. இடது காது பூவரச இலை அளவுக்கு வந்துருச்சு, வலது காது பாதிதான் வந்துச்சு. புள்ளை நெளிஞ்சுச்சு. "ஆடாத, சும்மா இரு, முடிஞ்சுச்சு"ன்னு அதட்டுனேன். அதட்டும்போதே அது கண்ணை அகல விரிச்சு என் வாயைப் பாத்துச்சு. முப்பது வருசத்துல அது கேட்ட முதல் சத்தம் அதுதான்னு எனக்கு அப்ப தெரியாது.

ஆசாரி குத்துனாரு. ரெண்டு சொட்டு மைதான் வந்துச்சு, ரத்தம் வரலை. புள்ளை வீல்னு கத்துச்சு, ஊரே குலவை போட்டுச்சு, வாயில வாழைப்பழத்தை வச்சு அமத்துனாங்க. அண்ணன் என் கையைப் பிடிச்சிக்கிட்டு, "தாயி, உன் மனசு யாருக்கு வரும்"னுச்சு.

"மனசும் இல்லை மண்ணாங்கட்டியும் இல்லை. அவ கணக்கு தீந்துச்சு. அடுத்த மடி எம்புள்ளைக்கு. இங்கயே, கருப்பசாமி முன்னாடி சொல்லு."

"சத்தியம் தாயி"ன்னுச்சு.

சொன்ன சொல்லை அண்ணன் காப்பாத்துச்சு. ரெண்டு வருசம் கழிச்சு, அதே ஆவணி, அதே வேப்பமரம், முகிலன் அஞ்சு வயசுல மாமன் மடியில உக்காந்தான். எனக்கும் மாம்பழ மஞ்சள்ல அரக்குக் கரை போட்ட புடவை. அவ கட்டுனதை விட ஒரு சுத்து கரை பெருசு, நானே கடையில அளந்து பாத்துத்தான் எடுத்தேன். ஆசாரி குத்துன உடனே என் மவன் என்னைக் கூப்பிடலை, "மாமா"ன்னுதான் கத்துனான். அண்ணன் என்னைப் பாத்துச் சிரிச்சுச்சு, வயித்தைப் பிடிச்சிக்கிட்டு இல்லை, ஆனாலும் சிரிச்சுச்சு. எனக்கு அது போதும்னுதான் நினைச்சேன்.

குண்டாஞ்சட்டி குடும்பம் இன்னும் ஓடுது. புள்ளை வளரலை, பல்லு முளைக்கலை, குல்லாயை மட்டும் மறுபடி போடவே இல்லை. ஊரு உலகம் முழுக்க அந்தப் படத்தைப் பாக்கிறவங்க எல்லாரும் பூவரச இலை மாதிரி ஒரு காதும் பாதி ஒரு காதும் இருக்கிற புள்ளையைத்தான் பாக்கிறாங்க, எவன் வரைஞ்சான்னு யாருக்கும் தெரியாது.

ஒருநாள் சாயந்தரம், ஆறரை தாண்டியிருக்கும், தெருவுல விளையாடிக்கிட்டிருந்த முகிலனைச் சாப்பிடக் கூப்பிட்டேன். "ஏலே முகிலா, வாடா சாப்பிட!" அவன் திரும்பிக் கூடப் பாக்கலை, அவனுக்கு விளையாட்டுதான் பெருசு. ஆனா ஊர்ல இருக்கிற அத்தனை டிவியிலயும் அந்தப் புள்ளை தவழ்றதை நிறுத்திட்டு, தலையைத் திருப்பி, என் குரல் வந்த பக்கம் பாத்துச் சிரிச்சுச்சு. பூங்காவனம் "டேய் கண்ணு, இங்க பாரு, அம்மாவைப் பாரு"ன்னு கையைத் தட்டுறா, கிலுகிலுப்பையை ஆட்டுறா. அது திரும்பவே இல்லை. அப்ப அவ மூஞ்சியைப் பாத்தேன். உதடு சிரிக்குது, கண்ணு எரியுது. அந்த மூஞ்சி எனக்கு நல்லாத் தெரியும், முப்பத்திரண்டு வருசமா என் வீட்டுக் கண்ணாடியில பாத்த மூஞ்சி.

பாவமாத்தான் இருந்துச்சு. ஒரு நாள், ரெண்டு நாள் வாயை மூடிக்கிட்டு இருந்தேன்.

அப்புறம் முடியலை. இப்பல்லாம் ஆறரை அடிச்சதும், என் மவன் பக்கத்துலயே உக்காந்து சாப்பிட்டுக்கிட்டு இருந்தாலும் சரி, வாசல்ல போயி நின்னு, அடிவயித்துலருந்து சத்தம் குடுத்து, "ஏலே, வாடா சாப்பிட"ன்னு ஒரு தடவை கூப்பிட்டுட்டுத்தான் உள்ள வாரேன்.